அனுமதிப்பத்திரத்தில் இல்லாத பெயர்

சட்டமும் ஓர் எழுத்துத்தான். அதற்கும் ஆசிரியர் உண்டு, கதைமாந்தர் உண்டு, சொல்லாமல் விட்ட பகுதிகளும் உண்டு. கதை, கவிதை, நாவல் ஆகியவற்றை வர்க்கக் கண்ணோட்டத்துடன் அலசிப் பார்க்கும் நாம், அன்றாடம் மக்களின் வயிற்றைத் தொடும் ஒழுங்குவிதிகளை மட்டும் சட்டத்தரணியிடமும் எழுதுவினைஞரிடமும் விட்டுவிடுகிறோம். ஒரு சிறுகதையிடம் கேட்கும் கேள்விகளை ஒரு விதியிடமும் கேட்டாலென்ன? இதிற் பெயர் சொல்லப்பட்டவர் யார்? பெயர் மறைந்து நின்று கதையை நடத்துபவர் யார்? புகையிலைப் பொருள்களைச் சில்லறையில் விற்போர் தனி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் எனப் பல நாடுகளிலும் எழுந்துள்ள விதிமாற்றங்களை இக்கேள்விகளோடு வாசிக்க முயல்கிறேன்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவன் என் மாணவன் ஒருவன். பத்தாம் தரத்திற் படிக்கிறான். அஸர் தொழுகைக்குப் பின்னர் அவனுடைய வாப்பாவின் கடையில் இருப்பான். கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையை அறிந்தவர்களுக்கு அந்தக் கடையை விவரிக்க வேண்டியதில்லை. சாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒவ்வொன்றின் வாயிலிலும் அத்தகைய கடையொன்று நிற்கும். எட்டடி அகலம், தகரக் கூரை, முன்பலகையிற் கண்ணாடிப் போத்தல்கள். அவற்றுள் டொபியும் பிஸ்கட்டும். பக்கத்தில் அப்பியாசக் கொப்பி, பேனை, வெற்றிலைத் தட்டு, பாக்கு, சுண்ணாம்பு. உள்ளே தேநீர் கொதிக்கும். கடைக்காரரின் கைக்கெட்டும் உயரத்திற் சிகரட் பெட்டிகள். அவற்றின் அருகே நூலிற் கட்டித் தொங்கும் லைட்டர். கரைவலை இழுத்து வருபவரும், வயலில் நாட்கூலிக்கு நின்று திரும்புபவரும், சீமெந்து மூட்டை இறக்குபவரும் அங்கே நிற்பர். பெட்டியாக வாங்குபவர் அரிதினும் அரிது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரு சிகரட்டின் விலை நூறு ரூபாயைக் கடந்துவிட்ட பின்னும் அந்த ஒன்றுக்குக் குறைவில்லை.

ஒரு மாலை, தாடி வைத்த வாலிபன் ஒருவனுக்குப் பையன் இரண்டு சிகரட் விற்றான். வாங்கியவனுக்கு வயது பத்தொன்பது. அதிகாரிகள் அயலில் நின்றனர். வழக்குப் பதிவாயிற்று, வாப்பா தண்டப்பணம் கட்டினார். பையன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்தபோது, "ஆள் தாடி வச்சிருந்தான் சேர்" என்றான். சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்று கேட்டான்: "சேர், சிகரட்டுக்கு இனிப் புறம்பா லைசன் எடுக்கணுமாம். அப்படி எடுத்தா டொபி, பிஸ்கட் விக்க ஏலாதாம். அப்ப வாப்பா எதைத்தான் விக்கிற?" அவன் எங்கோ கேட்டுவந்த செய்தி அது, பிற நாட்டுச் செய்தியும் ஊர்ப் பேச்சும் கலந்தது. ஆயினும் கேள்வி கலப்படமற்றது. அன்று என்னிடம் விடை இருக்கவில்லை.

முதலில் நமது நாட்டின் எழுத்தை நோக்குவோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் ஆகியவை மீதான தேசிய அதிகாரசபையை நிறுவியது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடுத்தது. விளம்பரத்தையும் அனுசரணையையும் தடுத்தது. மூடிய பொது இடங்களிற் புகைப்பதையும் இயந்திரம் மூலம் சிகரட் விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டம், நமது வலயத்தில் முன்னோடியான சட்டம் என்றும் கூறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தைத் தென்கிழக்காசிய வலயத்தில் முதன்முதலாக, 2003இலேயே, ஏற்று உறுதிசெய்த நாடு இலங்கை. அதன்வழி வந்த சட்டம் இது.

எனினும் இச்சட்டத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. சாராயம் விற்பதற்கு 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் முதலே அனுமதிப்பத்திரம் வேண்டும். சிகரட்டைச் சில்லறையில் விற்கத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டுமென 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறவில்லை. ஆகவே டொபி விற்பவர் எவரோ அவரே சிகரட்டும் விற்பார். எத்தனைபேர் விற்கின்றனர், பாடசாலையிலிருந்து எத்தனை அடி தூரத்தில் விற்கின்றனர் என்பதைப் பட்டியலிட்டுப் பார்க்க அதில் வழியில்லை. வயது வரம்பு இருக்கிறது. அதை மீறினால் தண்டம் இருக்கிறது. மீண்டும் மீண்டும் மீறுபவர் விற்கும் உரிமையை இழப்பார் என்பது இல்லை. எழுத்திற் கொடுக்காத உரிமையை எவ்வாறு பறிப்பது? தனி அனுமதிப்பத்திரம் கேட்போரின் வாதம் இது. வலுவான வாதம். தொடர்ந்து புகைப்போரிற் பாதிப்பேர் வரை அப்பழக்கத்தாலேயே மாள்கின்றனர் என்று மருத்துவ உலகம் கூறும்போது, அப்பொருளை யார் விற்கலாம் என்று சமுதாயம் கேட்பதில் என்ன குற்றம்? சிறுவணிகன் மீதுள்ள பரிவால் இவ்வாதத்தை மறுக்கும் நண்பர்களுடன் நான் உடன்படவில்லை. மைதானத்தின் பின்மதிலோரம் புகை எழும்போது அங்கே ஓட வேண்டியிருப்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத்தான்.

ஆனால் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று கூறுவதோடு விமர்சகனின் வேலை முடிவதில்லை. யாருக்கு என்ற கேள்வி எஞ்சுகிறது.

மேற்கூறிய சமவாயத்தின் கீழ் 2012இல் சியோல் நகரிலே துணை உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. புகையிலைப் பொருள்களின் களவு வணிகத்தை ஒழிப்பது அதன் நோக்கம். இலங்கை 2016இல் அதிற் சேர்ந்தது. அதன் ஆறாம் உறுப்புரையைத் தமிழாசிரியன் ஒருவன் வாசித்தால் வினைமுற்றுக்களில் நின்றுவிடுவான். உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயம், அங்கே ஆணை. சில்லறை விற்பனை, பயிர்ச்செய்கை, போக்குவரத்து, மொத்த வணிகம் ஆகியவற்றுக்கோ பொருத்தமெனக் கருதும் அளவுக்கு முயலவேண்டும், இங்கே அறிவுரை. இந்தப் பாகுபாடு சரியானதே. பொருளை உண்டாக்குபவனிடத்து முதற்பொறுப்பு இருக்கவேண்டும். ஆனால் அதே உறுப்புரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. புகையிலை பயிரிடுவோரைப் பற்றிச் சொல்லும்போது, மரபுவழிச் சிறு பயிர்ச்செய்கையாளர் விலக்கப்படுகின்றனர். சில்லறை விற்பனையைப் பற்றிச் சொல்லும்போது அத்தகைய விலக்கு எதுவும் இல்லை. சிறு உழவனை அந்த எழுத்து கண்டிருக்கிறது. எட்டடிக் கடைக்காரரை அது காணவில்லை. பெரும் அங்காடித் தொகுதியும் ஒழுங்கை வாயிற் கடையும் அதற்கு ஒரே சொல்: விற்பனையாளர்.

இந்த ஒரே சொல்லின் விளைவை இந்தியாவிற் காணலாம். இமாசலப் பிரதேசம் 2016இல் ஒரு சட்டம் இயற்றிற்று. சிகரட்டையும் பீடியையும் உதிரியாக விற்பதைத் தடுத்து, சில்லறை விற்பனையாளர் உள்ளூராட்சி அமைப்பிற் பதிவுபெற வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் இந்திய மத்திய சுகாதார அமைச்சு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. நகராட்சிகள் புகையிலை விற்போருக்கு அனுமதி வழங்கும் முறையை ஏற்படுத்த வேண்டும். அனுமதி பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட், வறுவல், குளிர்பானம் போன்ற பிற பொருள்களை விற்கக்கூடாது என்றது அக்கடிதம். என் மாணவனின் காதுக்கு வந்து சேர்ந்தது இதுவே.

குழந்தையின் பக்கம் நின்று வாசித்தால் இக்கடிதத்திற் பிழையில்லை. மிட்டாய்ப் போத்தலுக்கும் சிகரட் பெட்டிக்கும் ஒரு முழம் இடைவெளி. ஆறு வயதில் மிட்டாய்க்கு நீண்ட கை பதினாறு வயதில் அந்த ஒரு முழத்தைத் தாண்டுவது எளிது. கடைக்காரரின் பக்கம் நின்று வாசித்தாலோ, இது கடையை இரண்டாகப் பிளக்கும் கட்டளை. மாணவனின் வாப்பாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "சிகரட்டுல எனக்கு என்ன சேர் கிடைக்குது? காசுக் கணக்குப் பார்த்தா ஒண்ணுமில்லை. ஆனா சிகரட்டுக்கு வாறவன்தான் தேத்தண்ணி குடிக்கிறான். ரெண்டு வடை திங்கிறான். சிகரட் இல்லாட்டி அவன் அடுத்த கடைக்குப் போவான்" என்றார். பொருளாதார நூலொன்றும் படியாத அவர், நச்சுப் பொருளொன்று எவ்வாறு சிறு கடையின் முழு வரவையும் தன் கயிற்றிற் கட்டிப்போடுகிறது என்பதைத் தெளிவாகவே விளக்கினார். அவர் விற்கும் பொருளின் முதலாளி அவரல்லர். அவர் அதன் கடைசிக் கை.

முதற்கை எங்கே? இலங்கையிற் சட்டப்படி சிகரட் உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்றே ஒன்று: சிலோன் டொபாக்கோ கம்பனி. அதன் பங்குகளில் நூற்றுக்கு 84க்கு மேற்பட்டவை பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனியிடம் உள்ளன. ஏகபோகம் என்ற சொல்லை நமது ஏடுகளிற் பலமுறை எழுதியிருக்கிறோம். இதைவிடத் தூய உதாரணம் கிடைப்பது அரிது. ஒரு நாடு, ஒரு உற்பத்தியாளர், எண்ணற்ற விற்பனையாளர். விதியை மீறி அகப்படும் பெயர்களோ எப்போதும் எண்ணற்றவரின் பட்டியலிலிருந்தே வருகின்றன. வழக்குப் பதிவான நாளின் காலையிலும் கடைக்குப் பெட்டி வந்தது. அடுத்த வாரமும் அதே நேரத்திற்கு வந்தது.

நீதிமன்றப் படியேறும் விதத்திலும் இந்த வேறுபாடு தெரியும். சிகரட் பெட்டியின் எண்பது வீதப் பரப்பிலே நோயின் படங்கள் இடம்பெற வேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்தபோது கம்பனி அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றது. 2014இல் அப்பரப்பை ஐம்பது முதல் அறுபது வீதமாகக் குறைக்கும் தீர்ப்புக் கிடைத்தது. 2015இன் 3ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் பாராளுமன்றம் எண்பது வீதத்தை மீட்டது. அது மக்களுக்குக் கிடைத்த வெற்றி, மறுப்பில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். பெட்டியின் முகத்தில் இருபது, முப்பது வீதத்துக்காகக் கம்பனியால் மூன்று ஆண்டுகள் வாதாட முடிந்தது. கடைக்காரர் ஒரு காலைப்பொழுதிற் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு தண்டப்பணத்திலும் கூட என்பது அவர் கணக்கு.

இந்த ஏழ்மையையே கம்பனிகள் தமக்குக் கேடயமாக ஆக்கிக்கொள்வதுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. அவுஸ்திரேலிய அரசாங்கம் சிகரட் பெட்டிகளை வணிகச் சின்னமற்ற ஒரே நிறப் பெட்டிகளாக்க முனைந்தபோது, 2010இல் சில்லறைக் கடைக்காரர் கூட்டணி என்ற பெயரில் ஓர் அமைப்புத் தோன்றியது. எளிய கடைக்காரனின் பிழைப்புப் போகிறதே என்று விளம்பரங்களிற் புலம்பியது. அதற்குப் பணம் கொடுத்தவை பன்னாட்டுப் புகையிலைக் கம்பனிகள் என்பது விரைவிலேயே வெளியாயிற்று. சட்டம் நிறைவேறி 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. தன் வாழ்நாளெல்லாம் கம்பனியால் நினைக்கப்படாத கடைக்காரர், சட்டம் வரும் ஒரு பருவத்தில் மட்டும் கம்பனியின் நாவில் ஏழைப்பங்காளராக எழுந்தருளுகிறார். முற்போக்காளர் சிலரும் இந்தக் குரலுக்கு மயங்கி, அனுமதிப்பத்திர முறையே ஏழைகளுக்கு எதிரானது என்று எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அழுபவரின் கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம். அதை அச்சடித்துப் பரப்பக் காசு கொடுத்தவர் யார் என்றும் கேட்கவேண்டும்.

மறுபுறத்தில், சுகாதாரத்தின் பெயரால் சிறுவணிகரைச் சூறையாடிய விதிமாற்றமும் உண்டு. ஹங்கேரியிலே 2012இற் சட்டம் இயற்றிப் புகையிலைச் சில்லறை வணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினர். 2013 ஜூலை முதல், அரசு சலுகையுரிமம் வழங்கிய 'தேசியப் புகையிலைக் கடை'களைத் தவிர வேறெங்கும் விற்க இயலாது. காரணம் இளையோரைக் காத்தல். விற்பனையிடங்கள் பல்லாயிரக்கணக்கிற் குறைந்தன. உரிமம் யாருக்குப் போயிற்று? ஆளும் கட்சிக்கு வேண்டியவர்களுக்கே போயிற்று என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. குடும்பக் கடையின் வரவில் மூன்றிலொரு பங்கைச் சிகரட்டிற் பெற்றுவந்த கடைக்காரர் ஒருவர் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார், ஏனென்று எவரும் கூறவில்லை. அவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றார். 2015 ஜனவரியில், அவருடைய சொத்துரிமை மீறப்பட்டது என்று அந்நீதிமன்றம் தீர்த்தது. சட்டம் அடிக்கடி மாறியதையும் அதில் இருந்த அவசரத்தையும் நீதிபதிகள் கண்டித்தனர். சிகரட் விற்பது அடிப்படை உரிமை என்று அவர்கள் கூறினரல்லர். பறிப்பதற்கும் ஒரு முறை உண்டு, காரணம் சொல்லும் கடமை உண்டு என்றனர்.

ஹங்கேரி எமக்குத் தொலைவென்று எண்ணவேண்டாம். மதுபான அனுமதிப்பத்திரங்கள் அரசியற் கையூட்டாக வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு 2024இல் இலங்கை முழுவதும் ஒலித்தது. ஆண்டின் இறுதியிற் புதிய அரசாங்கம் அனுமதிகளின் பட்டியலைப் பாராளுமன்றத்தில் வைத்தது. அனுமதிப்பத்திரம் என்பது அருமையாகும்தோறும் அது ஒரு சொத்தாகிறது. சொத்தானதும் அதற்கு ஒரு சந்தை வந்துவிடுகிறது. சிகரட்டுக்கும் அவ்வாறான பத்திரம் ஒன்று வந்தால், எட்டடிக் கடைக்காரர் வரிசையின் எந்த இடத்தில் நிற்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வழங்குவது உள்ளூராட்சி மன்றமாக இருக்கட்டும் என்பது ஒரு யோசனை. மக்கள் தெரிந்தெடுத்த மன்றமென்றால் நல்லதுதான். கல்முனையில் அதையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. எங்கள் மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே மாதத்தில் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது கல்முனைக்கு அது நடைபெறவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் தம் வட்டாரத்து உறுப்பினரிடம் முறையிடலாம் என்பது ஏட்டில் எளிது. உறுப்பினரே இல்லாத ஊரில் யாரிடம் முறையிடுவது?

ஒழுங்கை வாயிற் கடையும் நகராட்சி அதிகாரமும் மோதும் இடத்தை நமது இலக்கியம் அறியாததன்று. முதல் அத்தியாயங்கள் 'சரஸ்வதி'யில் வெளிவந்து, 1966இல் நூலான சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' அதைத்தான் செய்கிறது. சந்தியிலே கடைவைத்த இருவரின் வணிகப் போட்டி நகரசபைத் தேர்தலுக்குள் நுழைந்து, ஈற்றில் மரத்தின் உயிரையே குடிக்கிறது. சின்னஞ்சிறு கடைப்பலகைக்கும் பெரும் அரசியலுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறுகியது என்பதை அந்நாவல் போலக் காட்டியவை சிலவே. ஆனால் நம் முற்போக்குச் சிறுகதைகளிற் பெரும்பாலானவை இவ்விடயத்திற் செய்தது என்ன? பீடியைத் தொழிலாளியின் உதட்டில் வைத்தோம். தொழிற்சங்கக் கூட்டம் முடிந்ததும் தோழர் பீடி பற்றவைப்பார். அதன் கனல் இருளிற் சிவக்கும். வாசகன் அதில் வர்க்க உணர்வைக் காணவேண்டும். முதலாளியின் வாயிற் சுருட்டு, தொழிலாளியின் வாயிற் பீடி என்ற எளிய குறியீட்டிலேயே காலம் கடத்திவிட்டோம். அந்தப் பீடியைச் சுற்றிய கை யாருடையது, விற்ற கை யாருடையது, இருமல் யாருடையது என்று கேட்ட கதைகள் குறைவு. இது எனக்கும் பொருந்தும். கல்லூரி நாளில் நானும் அப்படிப்பட்ட கதையொன்று எழுதியவன்.

சுற்றிய கையைப் பற்றிக் கூறும்போது கண்ணூர் நினைவுக்கு வராமற் போகாது. இந்தியப் பாராளுமன்றம் 1966இற் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. பீடி சுற்றும் தொழிற்கூடங்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், தொழிலாளருக்கு விடுமுறையும் வேலைநேர வரம்பும் வேண்டும் என்றது. ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் தலைமையிலான கேரள அரசாங்கம் அதை நடைமுறைப்படுத்த முனைந்ததும், மங்களூர்ப் பீடி முதலாளிகள் வடகேரளத்துத் தொழிற்கூடங்களை மூடிவிட்டனர். ஏறத்தாழ 12,000 பேர் தெருவில் நின்றனர். வேறு பல இடங்களில் முதலாளிகள் இன்னொரு வழியைக் கையாண்டனர்: தொழிலை வீடுகளுக்குள் அனுப்பித் தரகர்கள் மூலம் பெண்களின் மடியில் முறங்களை வைத்தனர். தொழிற்கூடம் இல்லையேல் அனுமதிப்பத்திரமும் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்து வீட்டுத் திண்ணைகளில் அந்த முறங்களை இன்றும் காணலாம். மேலப்பாளையம் போன்ற முஸ்லிம் ஊர்களின் பெண்கள் அதில் உழைத்து வந்திருக்கின்றனர்.

கண்ணூர்த் தொழிலாளர்கள் திண்ணைக்குள் ஒதுங்கவில்லை. அரசின் உதவியோடு 1969 பெப்ரவரியில் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். ஒருவர் உரத்த குரலிற் செய்தித்தாளும் நாவலும் வாசிக்க மற்றவர் பீடி சுற்றுவதும், வாசிப்பவரின் பங்கை ஏனையோர் சுற்றிக்கொடுப்பதுமாகிய கண்ணூர் மரபு அங்கே தொடர்ந்தது. இலக்கியத்துக்கும் உழைப்புக்கும் இடையே இதனினும் நெருங்கிய உறவை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தக் கூட்டுறவு உற்பத்தி செய்ததும் பீடியே. தோழர்கள் சுற்றியதால் அதன் புகை நெஞ்சுக்கு நன்மையாகிவிடவில்லை. இந்த உண்மையை மென்று விழுங்குவதில் நமக்குப் பயனில்லை. பின்னாளிற் பீடி புகைப்போர் குறையத் தொடங்கியதும் அச்சங்கம் குடை, உணவுப் பொருள், ஆடை, கணினிப் பணி என்று வேறு தொழில்களுக்குத் தன் உறுப்பினரைக் கொண்டுசென்றது. முழு வெற்றி என்று கூறமாட்டேன். உறுப்பினர் தொகை பெரிதும் சுருங்கிற்று. ஆயினும், நச்சுத் தொழிலொன்றிலிருந்து மனிதரை வெளியே அழைத்துவர வேண்டும் என்ற பொறுப்பை ஓர் அமைப்பு ஏற்றுக்கொண்டது. சில்லறை அனுமதிப்பத்திர விதிகள் பற்றி நான் வாசித்தவற்றில் இப்பொறுப்பைப் பற்றிய ஒரு வரியையும் காணவில்லை. கட்டணம் இருக்கிறது, தூரம் இருக்கிறது, தண்டம் இருக்கிறது. விற்பதை நிறுத்துபவர் அடுத்த நாட் காலை எதைத் திறப்பார் என்பது இல்லை.

நியூசிலாந்து துணிந்த ஓர் அடியெடுத்து வைத்தது. 2022 டிசெம்பரில் நிறைவேறிய சட்டம், சுமார் ஆறாயிரம் சிகரட் கடைகளை அறுநூறாகக் குறைக்கத் திட்டமிட்டது. அடுத்து வந்த அரசாங்கம் 2024 பெப்ரவரியில் அதை நீக்கிவிட்டது. சிகரட் வரி வருமானம் தமது வரிக்குறைப்புக்குக் கைகொடுக்கும் என்று அவ்வரசின் நிதியமைச்சர் முன்னரே கூறியிருந்தார். திறைசேரியும் ஒரு புகைபிடிப்பவர் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதற்கு அவரைப் பாராட்டலாம்.

எமதூரில் இவ்விடயத்தைப் பேசத் தொடங்கினால், "பள்ளிவாசலிற் குத்பா ஓதுகிறார்களே, புகைத்தல் கூடாதென்று, சட்டம் எதற்கு?" என்று கேட்போர் உளர். மார்க்கத்தின் சொல்லுக்கு வலிமை உண்டு. புகையிலை விடயத்தில் அது ஒருமுறை ஓர் அரசையே அசைத்திருக்கிறது. 1890 மார்ச்சில் ஈரானின் ஷா நாஸிருத்தீன், நாட்டின் புகையிலை விளைச்சல், விற்பனை, ஏற்றுமதி அனைத்தையும் டால்பொட் என்ற ஆங்கிலேயருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு ஏகபோகமாக எழுதிக்கொடுத்தார். அவர் பெற்றது ஆண்டுக்குப் பதினையாயிரம் பவுணும் இலாபத்திற் காற்பங்கும். அன்றுவரை சுதந்திரமாக விற்றுவந்த கடைத்தெருச் சிறுவணிகர் ஒவ்வொருவரும் கம்பனியின் அனுமதிக்குக் கையேந்த வேண்டிய நிலை. ஜமாலுத்தீன் ஆப்கானி மீர்சா ஷிராஸிக்குக் கடிதம் எழுதினார். 1891 டிசெம்பரில் ஷிராஸியின் பெயரால் வந்த பத்வா புகையிலை பாவிப்பதைத் தடுத்தது. அரண்மனை அந்தப்புரத்திலும் ஹுக்காக்கள் அணைந்தன என்பர். அடுத்த மாதமே ஷா ஒப்பந்தத்தை இரத்துச் செய்தார். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த பத்வா நுரையீரலைக் காக்க எழுந்ததன்று. ஏகபோகத்தை உடைக்க எழுந்தது. ஏகபோகம் உடைந்ததும் மக்கள் மீண்டும் புகைத்தனர். எமதூர்க் குத்பாக்களோ நுரையீரலைப் பற்றி மட்டும் பேசுகின்றன. பெட்டியை அனுப்பும் ஏகபோகத்தைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசும் ஒரு வெள்ளிக்கிழமை வருமானால் நான் முன்வரிசையில் அமர்வேன்.

என் மாணவனின் கேள்விக்குத் திரும்புகிறேன். சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, வயது குறைந்தோருக்கு விற்பதை மட்டுமன்றி, வயது குறைந்தோர் கையால் விற்கப்படுவதையும் தடுக்கச் சொல்கிறது. அதன்படி அவன் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கவே கூடாது. அதில் எனக்கு ஐயமில்லை. அனுமதிப்பத்திரம் வரட்டும், ஆனால் அதன் முதற்பக்கத்தில் உற்பத்தியாளரின் பெயரும் விநியோகித்தவரின் பெயரும் வரட்டும். பிள்ளைக்கு விற்கப்பட்ட சிகரட்டுக்கு அவர்களும் கூண்டில் நிற்கட்டும். பத்திரத்தின் கட்டணத்தை ஏகபோக இலாபத்திலிருந்து எடுக்கட்டும். எடுத்ததைத் திறைசேரியில் விழுங்காமல், விற்பனையைக் கைவிடும் கடைக்காரருக்கு முதலாகக் கொடுக்கட்டும். இவ்வாறெல்லாம் ஒரு சட்டமூலத்தை எவரும் எழுதித் தரமாட்டார் என்று நண்பர்கள் சிரிப்பர். கேட்காத ஒன்றை எவர்தாம் எழுதித் தருவார்?

சென்ற நோன்பு மாதத்தில் அந்தக் கடைக்குப் போனேன். பகலிற் கடை மூடியிருக்கும். அஸருக்குப் பின் திறப்பர். முன்பலகையிற் கஞ்சிப் பானை, சமோசா, ரோல்ஸ், பேரீச்சம்பழம். சிகரட் பெட்டிகள் உள்ளே மறைந்துவிட்டன. கூட்டம் குறையவில்லை. "சிகரட் இல்லாமலும் கடை ஓடுதே" என்றேன். அவர் சிரித்தார். "நோன்புக்கு ஓடும் சேர். மத்த மாசத்துக்குக் குளிர்ச்சாமான் போட்டா ஓடும். மோர், ஜூஸ், ஐஸ்கிரீம். அதுக்கு ஒரு பிரிட்ஜ் வேணும்." விலையை விசாரித்துவிட்டதாகச் சொன்னார். காட்போட் துண்டொன்றில் எழுதிச் சிகரட் தட்டின் பின்புறம் செருகி வைத்திருந்தார்.